அம்பூரி மலையை வெட்டவில்லை

கரமனை,
28 அக்டோபர்

அன்புள்ள மகன் பினுவுக்கு அம்மா எழுதுவது. ஆண்டவர் கிருபையால் சுகமாக இருக்கிறேன், நீயும் மருமகள் ஜிஜியும் அந்தக் குளிரில் சுகமாக இருக்கத் தினமும் ஜெபிக்கிறேன். காலில் நீர்வீக்கம் குறைந்துவிட்டது, மருந்தை விடவில்லை. போனில் சொன்னால் பாதியில் வெட்டிப் பேசுவாய், அதனால்தான் கடிதம், முழுக்க வாசித்துவிட்டுக் கூப்பிடு.

நீ சொன்னபடியே அம்பூரி மலையில் நம் ரப்பர் தோட்டத்தை வெட்டி வெளியாக்கிப் புதுக் கன்று நட பிஜுவின் ஜேசிபியை ஏற்பாடு செய்து, போன திங்கட்கிழமை நானே பஸ் ஏறிப் போனேன். அப்பா போனபிறகு ஒன்பது வருஷமாக அந்தப் பக்கம் போகவில்லை. ரப்பர் பால் வெட்டுகிற தாசையன் முட்டுவலியில் நிறுத்தினார், வேறு ஆள் கிடைக்கவில்லை, நாமும் விட்டுவிட்டோம், அவ்வளவுதான். போய்ப் பார்த்தால் ரப்பருக்கு இடையே வட்டையும் மருதும் பாலையுமாகக் காட்டு மரங்கள் இரண்டாள் உயரத்துக்கு மேல் நிற்கின்றன, யாரும் நட்டதில்லை. இருந்தாலும் வந்த வேலையைப் பார்ப்போம் என்று கீழ் ஓரத்திலிருந்து தொடங்கச் சொன்னேன், மதியத்துக்குள் ஒரு துண்டு வெறும் செம்மண்ணாகிவிட்டது.

மூன்று மணிக்கு மழை பிடித்தது. நம் எல்லைக்குக் கீழே குடியிருக்கிற சரசம்மா வீட்டில் ஒதுங்கினேன், கண்முன்னே நாங்கள் வெட்டிய துண்டிலிருந்து சேறு இறங்கி அவள் குடிக்கிற ஊற்றுக்குழியை மூடியது. அவள் சத்தம் போடவில்லை. முன்பு ஜனவரியிலேயே வற்றுகிற ஊற்று, மேலே மரங்கள் எழும்பியபிறகு, நாலைந்து வருஷமாக ஏப்ரல் வரை நிற்கிறதாம். நம் தோட்டச் சரிவில்தான் முன்பெல்லாம் அவளும் அக்கம்பக்கத்தாரும் விறகு ஒடித்து ஆடு மேய்த்தார்களாம், வீட்டுக்குக் கேஸ் வந்தது, பிள்ளைகள் வளைகுடாவுக்குப் போனார்கள், ஆட்டை விற்றாள், முளைத்ததைக் கடிக்கவும் ஒடிக்கவும் ஆளில்லை, பறவையும் வௌவாலும் போட்ட விதையெல்லாம் மரமாயிற்று என்றாள். பிறகு மண்வெட்டியை எடுத்துக்கொண்டு கேட்டாள், “டீச்சரே, தண்ணி வேணுமா தோட்டம் வேணுமா, இப்பமே பறையுங்க.” எனக்கு வெட்கமாக இருந்தது. சேற்றில் இறங்கி அவளோடு குழியை வாரினேன். இருட்டுவதற்குள் கலங்கலாகத் தண்ணீர் ஊறத் தொடங்கியது. பிஜுவை மறுநாள் வரவேண்டாம் என்று அனுப்பிவிட்டேன்.

உன்னைக் கேட்காமல் செய்ததுதான், மக்களே. நிலம் என் பெயரில் இருக்கிறது, நான் இருக்கும்வரை அங்கே எந்திரம் ஏறாது. எல்லாம் நல்லதுதான் என்றும் சொல்லவில்லை, காட்டுப்பன்றி இறங்கி சரசம்மாவின் மரச்சீனிக் கிழங்கைக் கிளறுகிறது, அதற்கு எல்லையில் வேலி கட்டித் தருவதாக ஒப்புக்கொண்டிருக்கிறேன். ஜனவரியில் காய்ந்த புல்லை அரிந்து தீ ஏறாமல் ஓரம் வெட்டவும் ஆள் பேசியாயிற்று. வெட்டிய துண்டில் மண் நிற்க வெட்டிவேர் மட்டும் வரிசையாக வைத்திருக்கிறோம், மற்றதற்கு மேலே நிற்கிற மரங்களின் விதை இறங்கி வரட்டும். மாதம் ஒருமுறை நானே போய்ப் பார்ப்பேன், பஸ் வசதி இருக்கிறது, அதற்காகக் கவலைப்படாதே.

ஜிஜியை இரவு டியூட்டி முடிந்து வந்ததும் வெறும் வயிற்றில் தூங்க விடாதே. கர்த்தர் உங்கள் போக்கையும் வரத்தையும் காக்கட்டும். தோட்டத்தை விலைக்குக் கேட்டு புரோக்கர் உனக்குப் போன் செய்தால், அம்மா சம்மதிக்கமாட்டாள் என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடு, யோசிக்கிறோம் என்று சொல்லாதே.

அன்புடன்,
உன் அம்மா
சுசீலாபாய்