தேய்க்காதீர்கள் என்று எழுதவில்லை

இருங்காட்டுக்கோட்டை,
10.6.2025, செவ்வாய் இரவு

அன்புள்ள மெர்சி அக்கா,

வாட்ஸ்அப்பில் போட்டால் நீங்கள் பார்ப்பதில்லை. அரிசி டப்பா மூடியில் ஒட்டினால்தான் படிக்கிறீர்கள். பால் காய்ச்சி மூடியிருக்கிறேன், பூனைக்கு விட்டுவிடாதீர்கள்.

எங்கள் சோதனைச் சட்டையைப் போட்டுப் பார்த்த உங்கள் லைன் ஆறு பேரும் எழுதியனுப்பியது வந்தது. வாசனையும் இல்லை, குளிர்ச்சியும் இல்லையாம். நீங்களுமா அக்கா? அந்தத் துணியில் கண்ணுக்குத் தெரியாத உருண்டைகள் லட்சக்கணக்கில் இருக்கின்றன. ஒரு வகை, துணி உராயும்போது உடைந்து மரிக்கொழுந்து வாசனை விடும். இன்னொரு வகை, உடம்பு சூடானால் மட்டும் இளகி, மென்தாலைக் கொஞ்சமாகக் கசியவிடும்; சூடு தணிந்தால் இறுகிக்கொள்ளும். மூன்று மாதம் வர வேண்டியது. லேபில் வந்தது. உங்கள் ஷெட்டில் ஒரு ஷிஃப்ட்கூட வரவில்லை.

வெள்ளிக்கிழமை மீட்டிங்கில் இதை மூடிவிடலாம் என்கிறார் எங்கள் லேப் தலைவர் வெங்கடேசன் சார். “உன் ஃபார்முலாம்மா, நீதான் பதில் சொல்லணும்” என்றார். மூடினால் என் வேலையும் போகும். இன்னும் நிரந்தரம் ஆகவில்லையே. எங்கள் வீட்டில் காலேஜ் வாசலை மிதித்தது நான் ஒருத்திதான். அப்பா தெருவுக்கே ‘சயின்டிஸ்ட்’ என்று சொல்லி வைத்திருக்கிறார்.

யோசித்துச் சொல்லுங்கள். வெந்நீரில் துவைத்தீர்களா?

மதிவதனி

11.6.2025, புதன்

மதிக்கு,

பூனையைப் பற்றி நீ பேசாதே. ஜன்னலைத் திறந்து வைத்துவிட்டுப் போவது நீதான்.

யாரும் துவைக்கவில்லையம்மா. புதுச் சட்டையை எவள் துவைப்பாள்? எங்கள் கேன்டீனுக்கு வந்து ஆளுக்கொரு காகிதத்தைக் கையில் திணித்துவிட்டு, வாயே திறக்காமல் ஓடினாய். “இன்னாடி, உன் ரூம்மேட்டு ஊமையா?” என்கிறாள் எங்கள் லைன் இந்திராணி.

அது கிடக்கட்டும். லேபிலிருந்து எதைக் கொண்டுவந்து மேசையில் கொட்டினாய்? திங்கட்கிழமை அயர்ன் பாக்ஸை வைத்ததுமே தைலக்கடை மாதிரி தூக்கியது. ஆறு சட்டை தேய்த்து முடிப்பதற்குள் தும்மித் தும்மி மூக்கே கழன்றுவிட்டது. பெட்டியின் அடியில் வேறு பிசுபிசுப்பு. இனி உன் பாட்டில்கள் இந்த அறைக்குள் வரக்கூடாது.

மெர்சி

11.6.2025, புதன் மாலை

அக்கா,

நான் எதையும் கொட்டவில்லை. மூன்று மாதக் குளிர்ச்சியை ஒரே சாயங்காலத்தில் கொட்டியது நீங்கள். உடம்புச் சூட்டுக்கே இளகும் உருண்டையின் உறை, அயர்ன் பாக்ஸுக்கு என்ன ஆகும்? போதாக்குறைக்கு அழுத்தித் தேய்த்திருக்கிறீர்கள்; வாசனை உருண்டைகளும் நசுங்கிப் போயின.

ஒன்றரை வருஷமாக இதே அறையில் இருக்கிறேன். நீங்கள் துணி தேய்த்து நான் பார்த்ததே இல்லை. உங்களுக்கு ராத்திரி ஷிஃப்ட்; நான் வரும்போது நீங்கள் கம்பெனி பஸ்ஸில், நீங்கள் வரும்போது நான் பஸ்ஸில். அது சரி, மற்ற ஐந்து பேர் சட்டையை எதற்காக நீங்கள் தேய்க்க வேண்டும்?

யார் யார் சட்டை, யார் தேய்த்தது, எல்லாவற்றையும் மீட்டிங்கில் எழுதிக் கொடுக்கப் போகிறேன்.

மதிவதனி

12.6.2025, வியாழன்

மதி,

எழுது. தாராளமாக எழுது.

கசங்கின சட்டையோடு போனால் எங்கள் சூப்பர்வைசர் திருமலை லைன் முன்னாடி நிற்க வைப்பான். “இன்னாம்மா, சட்டைய மாடு மென்னு குட்த்துதா?” என்று எல்லார் எதிரிலும் கேட்பான். அந்த ஐந்து பேர் ரூமில் அயர்ன் பாக்ஸ் கிடையாது. பஸ் வருவதற்குள் இங்கே கொண்டுவந்து போடுவார்கள், நான் தேய்ப்பேன். நாங்கள் கான்ட்ராக்ட் ஆட்கள். சோதனையைக் கெடுத்தவர்கள் என்று பேர் போனால் அடுத்த மாதம் உள்ளே விடமாட்டார்கள்.

உன் காகிதத்தை எடுத்துப் பார்த்தேன். வெந்நீரில் துவைக்காதீர்கள் என்று இருக்கிறது. தேய்க்காதீர்கள் என்று இல்லை. ‘சட்டைய இன்னாக்கா பண்ணுவீங்க’ என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் சொல்லியிருக்க மாட்டோமா?

கருவாட்டுக் குழம்பு வைத்திருக்கிறேன். கோபத்தில் பட்டினி கிடக்காதே.

மெர்சி

13.6.2025, வெள்ளி மாலை

அன்புள்ள அக்கா,

பெயர் எதையும் எழுதவில்லை. புதுச் சட்டை ஒன்றையும் நம் அயர்ன் பாக்ஸையும் மீட்டிங்குக்கு எடுத்துப் போனேன். திருமலையும் வந்திருந்தார். என் முறை வந்ததும் பெட்டியைச் சூடாக்கினேன். சட்டையை மேசையில் விரித்துத் தேய்த்தேன். ஏசி அறை, ஜன்னல் கிடையாது. எல்லாரும் தும்மினார்கள்.

வெங்கடேசன் சார் கண்ணைத் துடைத்துக்கொண்டே, “யாரும்மா அந்த ஆறு சட்டையையும் தேச்சது?” என்றார்.

“எல்லாரும் தேய்ப்பாங்க சார். கசங்கின சட்டையோட போனா லைன் முன்னாடி நிக்க வெக்கறாங்க.”

திருமலை தண்ணீர் பாட்டிலைத் திறந்தார், குடிக்காமல் மூடினார்.

“பேரச் சொல்லும்மா.”

“பேரு எதுக்கு சார்? தேய்க்கக் கூடாதுன்னு நான் எழுதல. தப்பு என்னுது.”

சோதனையை மூடவில்லை. தேய்த்தாலும் தாங்குகிற உறையோடு திரும்பச் செய்யச் சொல்லிவிட்டார்கள். அதுவரை வேலை இருக்கிறது. நிரந்தரம் பற்றி அப்புறம்தானாம். அயர்ன் பாக்ஸுக்குத் திறக்காத உறை உடம்புச் சூட்டுக்கு எப்படித் திறக்கும்? செய்யச் சொன்னவர்கள் யாரும் அதைச் சொல்லவில்லை. தலை வெடிக்கிறது.

மதிவதனி

14.6.2025, சனி

மதி,

பஸ் முழுக்க உன் பேச்சுதான். “உன் ரூம்மேட்டு திருமல மூஞ்சிக்கு நேராவே கேட்டுச்சாமே!” என்று ஆளாளுக்கு என்னைப் பிடித்துக்கொண்டார்கள். எங்கள் ஆறு பேரையும் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. திருமலை இன்று எவள் சட்டையையும் பார்க்கவில்லை.

நீ சந்தோஷப்படாதே. எனக்கு எரிச்சல்தான் வருகிறது. வாரா வாரம் ஞாயிற்றுக்கிழமை எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிடுகிறோம். ‘உம்’ கொட்டுவதைத் தவிர உன் வாயிலிருந்து நான் என்ன கேட்டிருக்கிறேன்? மனசில் இருப்பதை எனக்குக் காகிதத்தில் கொடுக்கிறாய், ஏசி ரூமில் இருப்பவர்களுக்கு வாயால் கொடுக்கிறாய்.

நாளைக் காலை ஷிஃப்ட் முடிந்து வந்து ஒரு தூக்கம் போடுவேன். மத்தியானம் நான் எழுந்ததும் பக்கத்தில் வந்து உட்கார். அந்த மீட்டிங்கில் நடந்ததை முதலிலிருந்து சொல். பாதி சொல்லிவிட்டு நிறுத்தினால் பார்.

மெர்சி அக்கா