செம்புப் பல்லில் ஒட்டிய சந்தனம்

அண்ணே,

என் பெரியவள் வாசலில் சந்தனம் இழைத்துக்கொண்டிருக்கிறாள். நாளை ஆயுத பூஜை. அந்த வாசனை எங்கள் லயத்து வீட்டுக் காம்பராவுக்குள் வந்ததும் எனக்குப் பக்தி வரவில்லை. நீங்கள்தான் வந்தீர்கள், கையில் அரத்தோடும் முகத்தில் அந்தப் பழைய சந்தேகத்தோடும்.

உங்களுக்கு எதிலும் சந்தேகம். கடையில் தேங்காயை ஆட்டி ஆட்டிப் பார்த்து வாங்குவீர்கள். வீட்டில் உடைத்த பிறகும் முகர்ந்து பார்ப்பீர்கள். உங்கள் தங்கைதானே நான், எனக்கும் அந்தக் குணம் கொஞ்சம் உண்டு.

தோட்டத்துக்குப் பேட்டரி வண்டி வந்திருந்த காலம் அது. தேயிலை அரைக்கும் ஸ்டோரிலிருந்து ரயில் பாதையோரக் கிடங்குவரை தேயிலைப் பெட்டிகளை ஏற்றிப் போகும். புகையில்லை, சத்தமில்லை. ஓட்டியவர் என் வீட்டுக்காரர். ஸ்டோரில் கரண்டு வேலை பார்த்த நீங்கள் அதற்கு வைத்தியர். அவர் சங்கத் தலைவராகவும் இருந்தார், அதுதான் வினை. ஸ்ட்ரைக் முடிந்த சூட்டோடு ஆயுத பூஜை வந்தது. மறுநாள் காலையில் பெட்டிகளோடு கிளம்பிய வண்டி, ஸ்டோர் வளைவிலேயே உதறிவிட்டு நின்றுவிட்டது. தலைவர்தான் கெடுத்தார் என்று துரை முடிவு கட்டிவிட்டார். சாயங்காலத்துக்குள் நீங்கள் அதை உறுதிப்படுத்தினால் என் வீட்டுக்காரருக்குப் பத்துச்சீட்டு, வேலையை விட்டு நிறுத்திவிடுவார்கள். வேலை போனால் லயத்துக் காம்பராவும் போகும். கைக்குழந்தையோடு நான் எங்கே போய் நிற்பேன்?

வண்டியைப் பிரிக்க உட்கார்ந்த உங்களுக்குத் தேத்தண்ணி கொண்டு வந்த என்னிடம் நீங்கள் கேட்ட முதல் கேள்வி இன்னும் காதில் இருக்கிறது.

"மச்சான் நேத்து எங்க இருந்தாரு?"

"பூசையில உங்க பக்கத்துலதானே நின்னாரு."

"வண்டியோட கரண்டுப் பெட்டியத் தொடச்சு, பூச போட்டு, என் கையால மூடுனேன் தங்கச்சி. அதுக்கப்புறம் வண்டியத் தொட்டது மச்சான் ஒருத்தருதான்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கூடப் பிறந்தவரே இப்படிப் பேசினால் துரையைச் சொல்லி என்ன பயன்? திரும்பிப் போகாமல் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

முதலில் பேட்டரியில் பல்பைத் தொட்டுப் பார்த்தீர்கள். பளிச்சென்று எரிந்தது. பிறகு சக்கரத்தைத் தூக்கி நிறுத்தி, மோட்டாருக்கு நேராகக் கம்பி கொடுத்தீர்கள். சுற்றியது. ஆக, கோளாறு இரண்டுக்கும் நடுவில், மிதிகட்டைக்குக் கீழே இருந்த அந்த இரும்புக் கரண்டுப் பெட்டிக்குள். மிதியை அழுத்தினால் அதற்குள் செம்புப் பற்கள் ஒன்றையொன்று கடித்து மோட்டாருக்குக் கரண்டை விடும். மூடியைத் திறந்தால் பற்கள் கருகிக் கிடந்தன, இடையில் ஏதோ பொருக்கு. "மண்ணப் போட்டிருக்காங்க" என்றீர்கள். யார் என்று சொல்லவில்லை, என்னைப் பார்த்தீர்கள்.

அரத்தால் தேய்க்கத் தேய்க்க, கருகல் வாடைக்கு அடியிலிருந்து வேறொரு வாசனை எழுந்தது. அரம் நின்றது. பூஜைக்கென்று நான் இழைத்துக் கொடுத்த சந்தனம்! எல்லோரும் மெசினுக்கு வெளியே பொட்டு வைப்பார்கள். "வெளிய பூசுனா உசுருக்கு எப்படிப் போய்ச் சேரும்?" என்று மூடியைத் திறந்து பல்லுக்கெல்லாம் வைத்தவர் நீங்கள்தான். காய்ந்த சந்தனம் பற்களைச் சேரவிடவில்லை. பொறி பறந்து செம்பைத் தின்றுவிட்டது.

நீங்கள் துடைக்கத் துணியை எடுத்தீர்கள். எனக்குப் பயம் பிடித்தது. இதைத் துடைத்துப் போட்டுவிட்டு, மண் என்றே துரையிடம் சொல்லிவிட்டால்? உதிர்ந்த பொருக்கில் ஒரு சிட்டிகை எடுத்து முந்தானையில் முடிந்தேன். பார்த்துவிட்டீர்கள்.

"அண்ணன நம்பல, இல்ல?"

"நீங்க எங்க வீட்டுக்காரர நம்புனீங்களா?"

சிரித்தீர்கள். அந்த நேரத்தில் ஒரு மனிதருக்குச் சிரிப்பு வருமா! பிறகு பற்களைத் தேய்த்துப் பளபளப்பாக்கி, அரித்துப்போன ஒன்றுக்குப் பதிலாகப் பழைய செம்புத் தகட்டில் புதிதாக வெட்டிப் பொருத்தினீர்கள். வண்டி ஓடியது. நீங்கள் ஆபீசுக்கு நடந்தீர்கள். நான் நம்பவில்லை, பின்னாலேயே வந்து படியருகில் நின்றேன்.

"நான்தாங்க தொரை. பூச போடுறேன்னு நானே கெடுத்துப்புட்டேன். மச்சான் மேல குத்தமில்லைங்க."

உங்களை ஸ்டோரிலிருந்து எடுத்துக் கவ்வாத்து மலைக்கு அனுப்பினார்கள். அதன் பிறகு மெசினைத் தொட உங்களுக்குக் கொடுத்து வைக்கவில்லை. கத்தியும் கையுமாகத் தேயிலைச் செடி வெட்டினீர்கள், கண்ணை மூடும்வரை. அதை ஒரு நாளும் எங்களிடம் சொல்லிக் காட்டியதில்லை.

இப்போது பெரியவள் உள்ளே வந்து, "அம்மா, அப்பா லொறிக்குப் பொட்டு எங்க வைக்க?" என்று கேட்கிறாள். "வெளிய மட்டும் வை" என்கிறேன். காரணம் கேட்டால் சொல்ல வேண்டியிருக்கும்.

அன்று ஆபீஸ் படியிறங்கியதும், "இனி அந்த முடிச்ச அவுத்துடு தங்கச்சி" என்று சொல்லிவிட்டு முன்னால் போனீர்கள். அவிழ்த்தேனா என்று திரும்பிப் பார்க்கவில்லை. எதையும் முகர்ந்து பார்க்காமல் விடாத நீங்கள், அதை மட்டும் பார்க்காமல் விட்டீர்கள்.

நான் அவிழ்க்கவில்லை அண்ணே. அந்தச் சிட்டிகை ஒரு துணியில் முடிந்தபடி என் தகரப் பெட்டியில் இருக்கிறது. அன்றைக்கு அது உங்களுக்கு எதிரான சாட்சி. இன்றைக்கு உங்கள் கை பட்டதென்று என்னிடம் இருப்பது அது ஒன்றுதான்.