பதினான்காம் குழாய்

புவெர்த்தோ கைமான்,
மாரக்காய்போ ஏரிக்கரை
26 மே 1984

அன்புத் தங்கை எக்லாவுக்கு,

என் மகள் மிலி முதன்முதலாக நற்கருணை வாங்கிய புதுநன்மை விழாவுக்கு நீ வரவில்லை. அத்தைக்கென்று எடுத்து வைத்த தேங்காய் மிட்டாயை இரண்டு நாள் காவல் காத்துவிட்டு அவளே தின்றுவிட்டாள்.

சண்டை போட எழுதவில்லை, அம்மா. அவளுடைய ஞானத்தந்தை நேரியோ நம்மை விட்டுப் போய்விட்டான். அன்று விருந்தில் எங்களோடு சாப்பிட்டுவிட்டு, சாயங்காலம் வலை எடுத்துக்கொண்டு போனான். தண்ணீர்மேல் எண்ணெய் படர்ந்திருந்திருக்கிறது. படகு மோட்டாரை முடுக்கியதும் பற்றிக்கொண்டது. மூன்று நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தான். "இன்னும் ஒரு வாய் சாப்பிடுங்கன்னேன், மீன் காத்திருக்காதுன்னு போனாரு" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறாள் அவன் மனைவி தேயனீரா.

கரைப்பாறையில் தானாகக் கசியும் எண்ணெய்தான் காரணம் என்கிறது எங்கள் எண்ணெய் நிறுவனம். மாதிரிகள் உன் ஆய்வகத்துக்குத்தான் வருகின்றன. பாறைதான் என்று நீயும் சொல்லிவிட்டால் எல்லோர் மனமும் ஆறும்.

உன் அண்ணன்,
எபெர்த்தோ

கராக்கஸ்,
8 ஜூன் 1984

அன்புள்ள அண்ணா,

நேரியோவை நினைத்தால் சாப்பாடு இறங்கவில்லை. என் அண்ணன் அங்கே வேலை பார்க்கிறான் என்று ஆய்வகத் தலைவரிடம் சொன்னேன். "இந்த வேலை தெரிஞ்சவ நீ ஒருத்திதான், வேற யார்கிட்டம்மா குடுப்பேன்?" என்றார்.

படகில் ஒட்டியிருந்த எண்ணெய், பாறையைப் பொடித்து எடுத்தது, ஏரிக்கடியில் ஓடும் உங்கள் பதினான்காம் எண்ணெய்க் குழாயினுடையது. மூன்றையும் சிலிக்காத் தூள் நிரப்பிய கண்ணாடிக் குழாயில் தனித்தனியே ஊற்றினேன். முதல் கரைப்பானில் மெழுகுப் பகுதி இறங்கிவிடும். அடுத்ததில் அரோமாட்டிக் சேர்மங்கள் மஞ்சளாக இறங்கும். அவற்றில் கனமானவை தீயிலும் தாக்குப்பிடிக்கும். அவற்றைத் திரவக் குரோமட்டோகிராபி இயந்திரத்தில் மறுபடி பிரித்தால், தாளில் மேடும் பள்ளமுமாக அந்த எண்ணெயின் கைரேகை விழும்.

பாறையின் ரேகை வேறு. படகினுடையதும் பதினான்காம் குழாயினுடையதும் அப்படியே பொருந்துகின்றன.

அண்ணா, அந்தக் குழாயை வாராவாரம் சோதிப்பது நீதானே? அறிக்கையில் இன்னும் கையெழுத்துப் போடவில்லை. எழுது.

உன் எக்லா

புவெர்த்தோ கைமான்,
14 ஜூன் 1984

எக்லா,

கதவைச் சாத்திக்கொண்டு எழுதுகிறேன். அந்த ஞாயிற்றுக்கிழமை நான் குழாயைப் பார்க்கப் போகவில்லை. பார்த்ததாகக் கையெழுத்து மட்டும் போட்டேன். விருந்தின் நடுவில் எழுந்தேன், அது உண்மை. "ஒரு நாள்ல குழாய் எங்கயும் ஓடிப்போயிடாது, உக்காருப்பா" என்று கையைப் பிடித்து உட்கார வைத்தவன் நேரியோதான்.

தேயனீரா தினமும் எங்கள் வீட்டுக்கு வருகிறாள். மிலியோடு இருந்தால்தான் அவளுக்கு அழுகை நிற்கிறது. பாறை என்று எழுதிவிடு. பாறைக்கு ஜெயில் கிடையாது, பெண் குழந்தையும் கிடையாது. உன்னிடம் இதுவரை எதுவும் கேட்டதில்லை.

அண்ணன்

கராக்கஸ்,
21 ஜூன் 1984

அண்ணா,

நான்கு முறை திரும்பச் செய்தேன். கடைசி முறை, பாறையாக இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டே செய்தேன். அதே ரேகை.

இன்று காலை கையெழுத்திட்டுக் கொடுத்துவிட்டேன். பாறை என்று எழுதினால் அந்தக் குழாயை யாரும் தொடமாட்டார்கள். அதன்மேல்தான் இன்னும் எத்தனையோ பேர் வலை போடுகிறார்கள். அறிக்கை அங்கே வந்துசேரப் பத்து நாளாகும். அதற்குள் நீயே தேயனீராவிடம் சொல்லிவிடு. நான் பக்கத்தில் இருக்க வேண்டுமானால் ஒரு வரி எழுது, புறப்பட்டு வருகிறேன்.

உன் தங்கை,
எக்லா

புவெர்த்தோ கைமான்,
3 ஜூலை 1984

எக்லாவுக்கு,

சொல்லிவிட்டேன். தேயனீரா மிலிக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தாள். கத்தவில்லை. பின்னி முடித்து, பிள்ளையை வெளியே அனுப்பினாள். "நீங்க போகலைன்னு அவருக்குத் தெரியுமா?" என்று கேட்டாள். அவன்தான் உட்காரச் சொன்னான் என்றேன். சீப்பில் சிக்கிய முடியைச் சுருட்டி எடுத்தாள். பிறகு, "செத்தவரு மேலயும் என்னைக் கோபப்பட வெச்சிட்டீங்களே" என்றாள். அதற்குப் பிறகு அவள் இங்கே வரவில்லை.

குழாயை மூடிவிட்டார்கள். திங்கட்கிழமை என்னை விசாரணைக்கு அழைத்திருக்கிறார்கள்.

நீ செய்தது சரி. அதை எழுதாமல் இருக்க முடியவில்லை. ஆனால் வரவேண்டாம். உன் முகத்தைப் பார்க்க எனக்குத் தெம்பில்லை. அது எப்போது வரும் என்றும் தெரியவில்லை. கடிதமும் வேண்டாம். மிலி கேட்டால், அத்தைக்கு வேலை அதிகம் என்று சொல்லிக்கொள்கிறேன்.

எபெர்த்தோ