காருக்குள் இனிப்பு வாசம்

செவ்வாய். இரண்டு மணியிலிருந்து மழை.

…நீயே சொல்லு அம்மன் தாயே, நான் பொய்யா சொன்னேன்? நீயும் பார்த்துக்கொண்டுதானே இருந்தாய். பேராதனைப் பாலத்தில் வைத்துக் காரின் முன்கண்ணாடி உள்பக்கம் அப்படியே வெள்ளையாகிவிட்டது. முன்னால் போன பஸ்ஸின் சிவப்பு விளக்கு மட்டும்தான் தெரிந்தது. மகன் செல்வம் ஏசி ஃபேனைத் திருகுகிறான். ஒன்று, இரண்டு, மூன்று, மூச்சே இல்லை. நாலில் வைத்தால் புயல் மாதிரி ஒரு வீச்சு, பிறகு அதுவும் நின்றது. மருமகள் கலா துப்பட்டாவால் துடைத்துக்கொண்டே வந்தாள். ஏழு மாத வயிற்றை வைத்துக்கொண்டு எட்டி எட்டி.

ஞாயிற்றுக்கிழமை அவளைப் புசல்லாவையில் தாய்வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டும். பத்தரைக்குள் நல்ல நேரம், வளையல் போடுகிறார்கள். அந்த ரோட்டில் மூட்டம் இறங்கினால் வெளியே கண் தெரியாது. உள்ளேயும் தெரியாவிட்டால்? ஒரு பக்கம் மலை, ஒரு பக்கம் பள்ளம்.

இன்னொன்று. காருக்குள் ஒரு வாசம். கித்துள் பாணி காய்ச்சுகிற மாதிரி, இனிப்பாக. நீதான் வந்திருக்கிறாய் என்று நினைத்துக் கும்பிட்டேன். செல்வத்துக்குச் சிரிப்பு. "அம்மனுக்கும் ஏசி வேணுமாம்."

வாங்க: கண்ணாடி வளையல் 2 டசன் (சிவப்பு, பச்சை), மஞ்சள், வெற்றிலை. பூ ஞாயிறு காலையில்.

புதன். காலையில் கொஞ்சம் வெயில். துணி காயவில்லை.

செல்வம் மாநகர சபைக்கு லீவு போட்டுவிட்டு, ஃபோனில் வீடியோ பார்த்துப் பார்த்துக் காரைக் கழற்றினான். ஃபியூஸ், நல்லது. வயர், நல்லது. ஃபேன், ஸ்க்ரூடிரைவர் பிடியால் தட்டினால் கொஞ்சம் சுற்றுகிறது. இடப்பக்கப் பெட்டியைக் கழற்றி ஃபேனை வெளியே இழுத்தான். கூட வந்ததை எழுத வெட்கமாக இருக்கிறது. காய்ந்த செவ்வரத்தம்பூ, துளசி, வேப்பிலை, கட்டிதட்டிப்போன விபூதி. வெள்ளிக்கு வெள்ளி கண்ணாடிக்குக் கீழே நான் வைத்த பூவெல்லாம் காற்று போகிற ஓட்டை வழியாக உள்ளே இழுபட்டிருக்கிறது. ஒரு செருப்புப் பெட்டி நிறைய.

இது காரா, கோயில் குப்பைத்தொட்டியா என்று கேட்டான். கலா சிரிப்பை அடக்க முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நான் விடுவேனா? பூ வைத்ததால்தான் இத்தனை வருசம் கீறல் விழாமல் ஓடுகிறது என்றேன். அப்போதுதான் சொன்னான், சத்தம் போடாமல்.

"அம்மா, இனிமே கார் விஷயத்துல நீங்க ஒரு வார்த்தை பேசாதீங்க. கையும் வைக்காதீங்க."

இவன் அப்பா போன பிறகு என்னிடம் யாரும் இப்படிப் பேசினதில்லை. சரி. பேசவில்லை. உன்னிடம் மட்டும்.

அரிசி ஊறப் போட மறந்துபோனேன்.

வியாழன். தூறல்.

கெலிஓயாவில் நிசாமின் கராஜ். நாற்பது வயசிருக்கும், நல்ல பிள்ளை, எனக்குக் கதிரை கொண்டுவந்து போட்டான். குப்பை அடைத்து ஃபேன் திணறியதில், வேகத்தைக் கூட்டிக் குறைக்கிற துண்டு கருகிவிட்டதாம். காட்டினான். தீய்ந்த கருவாடு மாதிரி. புதிது போட்டான். நாலு வேகமும் வந்துவிட்டது.

வாய் சும்மா இருந்ததா? வாசத்தைப் பற்றிச் சொல்லிவிட்டேன். அது உங்கள் சாம்பிராணியாக இருக்கும் அக்கா என்று நிசாம் சிரித்தான். செல்வம் பார்த்த பார்வையில் கதிரையோடு ஒட்டிக்கொண்டேன்.

வெள்ளி. மழை. கோயிலுக்குக் குடையோடு.

ஃபேன் நன்றாகத்தான் ஊதுகிறது. ஆனால் ஊத ஊதக் கண்ணாடி இன்னும் வெளுக்கிறது. இது என்ன கணக்கு? கோயிலிலிருந்து வரும்போது பார்த்தேன். துடைத்தால் தண்ணீராய்ப் போகவில்லை, எண்ணெய் மாதிரி இழுபடுகிறது. புதுச் சாமானில் இருக்கிற கிரீஸ் என்கிறான் செல்வம். அவனுக்குத் தெரியும்.

நான் சமைத்துக்கொண்டிருக்க, கலா குசினிக்கு வந்து மெதுவாக, "அத்த, அந்த வாசம் தொண்டையிலயே நிக்குது. தலை வலிக்குது." விபூதி பூசிவிட்டேன். வேறு என்ன செய்ய? கார் விஷயம்.

சனி. மழை.

வளையல் கட்டி வைத்தாயிற்று. ஒன்று உடைந்திருந்தது. கலாவுக்குச் சொல்லாமல் எடுத்து ஒளித்துவிட்டேன்.

செல்வம் ரேடியேட்டருக்கு ஒரு போத்தல் தண்ணீர் ஊற்றினான். இந்த வாரத்தில் இரண்டாவது. வெயிலுக்குக் குடிக்கிறது என்றான். வாரம் முழுக்க மழை.



ஞாயிறு. மூட்டம். எதிர்வீட்டு மாமரம்கூடத் தெரியவில்லை.

8.40க்குப் புறப்பட்டார்கள். டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தேன். ஒன்று நசுங்கியது. மற்றது நசுங்காமல் உருண்டு, தண்ணீர் ஓடுகிற கானுக்குள் போய்விட்டது. செல்வம் பார்க்கவில்லை. கலா பார்த்தாள்.

நான் போகவில்லை. தாலி இல்லாதவள் வளையல் போடுகிற இடத்துக்கு வரக்கூடாது என்று யாரும் சொல்லவில்லை. நானே நின்றுகொண்டேன். கலா முன்சீட்டில் இருந்து கை காட்டினாள்.

9.10. நிசாமின் ஃபோன். செல்வத்துக்கு அடித்து அடித்துப் பார்த்தானாம், எடுக்கவில்லையாம்.

"அக்கா, அண்டைக்கு இனிப்பு வாசம் எண்டு சொன்னீங்க தானே. இண்டைக்கு வந்த ஒரு கார்லயும் அதே வாசம். உள்ளுக்கு ஹீட்டர் ஓட்டையாகி எஞ்சின்ட தண்ணி ஒழுகுது. நான் அண்டைக்கு ஃபேன மட்டும்தான் பார்த்த. ஒங்கட கார்ல கீழ தண்ணி ஏதும் நிண்டிச்சா?"

ஏன் தம்பி என்று கேட்டேன்.

"நிண்டிச்செண்டா மேட்டுல ஏத்தவே வேணாம். எஞ்சின் சூடேறி அந்த ஓட்டை பெரிசானா, முன்னுக்கு இடப்பக்கம் இருக்கிறவங்கட கால்லதான் கொதிதண்ணி ஊத்தும்."

தண்ணீர் ஒன்றும் நிற்கவில்லை தம்பி என்றேன். நன்றாக யோசித்துத்தான் சொன்னேன். அப்படியென்றால் பயமில்லை, வந்த பிறகு கொண்டுவரச் சொல்லுங்கள் என்று வைத்துவிட்டான்.

9.30. செல்வத்துக்கு அடித்தேன். மணி போகிறது, எடுக்கவில்லை. கலாவுடைய ஃபோன் ஓஃப். கம்பளை தாண்டியிருப்பார்கள். ஏற்றம் தொடங்கியிருக்கும். விளக்கேற்றினேன். திரி இரண்டு தரம் அணைந்தது. காற்றுத்தான், ஜன்னல் திறந்திருந்தது.

9.45. மணி போகிறது. எடுக்கவில்லை.

தண்ணீர் நிற்கவில்லைதான் தாயே. நிற்கவில்லை. ஆனால் வெள்ளிக்கிழமை, அவன் குளிக்கும்போது, அவனுக்குத் தெரியாமல் காருக்குள் கூட்டினேனே. கலா கால் வைக்கிற இடத்துக் கால்மிதி தூக்க முடியாமல் கனத்தது. பச்சையாக, பிசுபிசுவென்று, அதே இனிப்பு வாசத்தோடு. ஜூஸைக் கொட்டிவிட்டாள், அவனிடம் ஏச்சு வாங்கப்போகிறாள் என்று நினைத்தேன். சோப்புப் போட்டு அலசி, அவன் கண்ணில் படாமல் கோழிக்கூட்டுக்குப் பின்னால் காயப்போட்டேன். அந்த இடத்தில் பழைய சாக்கை மடித்து விரித்துவிட்டேன்.