நான்காம் திருகாணியின் அடியில்

14 செப்டம்பர் 2024, சனிக்கிழமை
காலை மணி 10.40, ரந்தாவ், மலேசியா

பொருள்: உன் காரின் டெர்மினல் கட்டையை மாற்றியது

அன்பு நண்பனே,

என் விரல்களில் இன்னும் காய்ந்த ரப்பர் பாலின் வாடை இருக்கிறது. வயர்களெல்லாம் வந்து சேரும் அந்தப் பழைய கட்டையை இன்று காலை எட்டேகாலுக்கு உன் காரிலிருந்து கழற்றினேன். கடையில் விற்கும் டேப்பை நீ நம்பியதே இல்லை. ரப்பர் மரத்தில் பால் வடியும் மங்கில் விரலைத் தோய்த்து ஒவ்வொரு இணைப்பின்மீதும் தடவி வெயிலில் காயவிடுவாய். "மரமே டேப் குடுக்குது, கடைக்கு எதுக்குலா போவணும்?" என்பாய். அரை நூற்றாண்டு கடந்தும் உன் இணைப்புகளில் துருவில்லை.

1974 மே மாதம் நாம் இருவரும் அந்தக் காருக்குப் புது வயர் போட்டோம். நீ ரப்பர் தோட்டத்து லாரி டிரைவர். நான் கணக்கெழுதும் ஆபீஸ் கிராணி. கிடைத்ததெல்லாம் சிவப்பு வயர் என்பதால், எது எதற்குரியது என்று தாள் சீட்டில் எழுதிப் பொருத்தும் பொறுப்பை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். "காருக்கும் பைல் போடுறியா கிராணி?" என்று சிரித்தாய்.

அடுத்த மாதம் ஒன்பதாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, பகாவில் எனக்கு நிச்சயதார்த்தம். வழியில் கோலா சாவாவைத் தாண்டுமுன், கொட்டும் மழையில் கார் நின்றுபோனது. "யாருடா வயர் போட்டது?" என்று என் அப்பா கத்தினார். "நான்தான் மாமா" என்றாய். மங்கில் உறைந்து நாறும் ஒட்டுப்பால் ஏற்றி வந்த லாரியில் எங்களை ஏற்றிவிட்டு, நீ காரோடு தங்கிவிட்டாய். இரண்டு மணி நேரம் தாமதமாக, அந்த நாற்றத்தோடு போய் இறங்கினேன். "மாப்பிள்ளை குளிச்சிட்டுத்தானே வந்தாரு?" என்று பெண்ணின் தாய்மாமன் கேட்டது ஊருக்கே கேட்டது.

அந்தக் கதையை எத்தனை விருந்துகளில் சொல்லியிருப்பேன்! "இவன் வயர் போட்ட லட்சணம்" என்றுதான் தொடங்குவேன். எல்லோரும் சிரிப்பார்கள், நீயும் சிரிப்பாய். உன் மகள் மட்டும் எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவாள்.

நீ கண்மூடிய பிறகு உன் காரை ஓட்டப்போகும் அதே மகளுக்காகத்தான் இன்று கட்டையை மாற்றினேன். நான்காம் திருகாணியின் தலை தீய்ந்திருந்தது. தளர்த்திப் பார்த்தேன். உலோகத்துக்கும் வயருக்கும் நடுவே கருகிய தாள். அதில் என் கையெழுத்து. சீட்டு விழுந்துவிடக் கூடாதென்று திருகாணிக்கு அடியிலேயே வைத்து முடுக்கியவன் நான். மின்சாரம் போக வேண்டிய இடத்தில் தாள்! நீயோ அன்று மழையில் அதைத் தொடாமல், வேறொரு வயரைச் சுற்றுவழியாக இழுத்து வேலையை முடித்திருக்கிறாய்.

பேசாமல் புதுக் கட்டையைப் பொருத்திவிடலாம்; ஒருவருக்கும் தெரியப்போவதில்லை. ஆனாலும் காப்பி கொண்டுவந்த உன் மகளிடம் கட்டையை நீட்டினேன்.

"தப்பு என்னுதும்மா. உங்கப்பாவுது இல்ல."

அவள் அதை வாங்கிக்கூடப் பார்க்கவில்லை. "தெரியும் மாமா. அப்பா சொல்லியிருக்காரு."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"கிராணிக்குத் தெரிஞ்சா அவன் பொண்டாட்டிகிட்டகூட மன்னிப்புக் கடுதாசி எழுதுவான், விட்டுடுலாம்பாரு." பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "ஆனா நீங்க சிரிக்கிறப்பல்லாம் எனக்குக் கோவம் வரும் மாமா."

"இனிமே சரியாச் சொல்றேன்மா" என்றேன். நாளை ஞாயிறு என் வீட்டு விருந்தில், அவளை அருகில் உட்கார வைத்துக்கொண்டு, எல்லோருக்கும் கேட்கும்படி சொல்வேன்.

நீ இழுத்த அந்தச் சுற்றுவழி வயர் இனித் தேவையில்லை. எனினும் அதை எறிய மனம் வராமல் சட்டைப் பையில் வைத்திருக்கிறேன். அது என்னுடனே இருக்கும். மற்றவற்றை இம்மடலோடு உன் காரின் முன்பெட்டியில் வைக்கிறேன்.

இணைப்புகள்:

அ. பழைய டெர்மினல் கட்டை, கருகிய தாளுடன் – 1
ஆ. புதிய வயர் வரைபடம் – 1
இ. என் நிச்சயதார்த்தப் புகைப்படம் – 1. இதில் நீ இல்லை. ஏன் இல்லை என்பதைப் பின்புறம் எழுதி, கையெழுத்திட்டுள்ளேன்.