அப்பா மாட்டிய ஹீட்டர்

என் அருமை அப்பா,

உங்கள் மேல் கோபமாக இருக்கிறேன். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். போய்ச் சேர்ந்தவர்களிடம் கோபப்படக் கூடாது என்பவர்கள் ஒருமுறை காரைக்குடிக்கு வந்து நம் குளியலறையைப் பார்க்கட்டும்.

கார்த்திகை பிறந்ததும் ஹீட்டர் ஒழுக ஆரம்பித்தது. உள்ளே டேங்க் துருப்பிடித்து ஓட்டை. புதிதாக வாங்கிவிடலாம் என்றேன். அம்மா விடவில்லை.

"அது அவுக கையால மாட்டுனது. கழட்டக் கூடாது. நான் அடுப்புல காய வச்சுக் குளிச்சுக்கிறேன்."

உங்கள் பிடிவாதம் உங்களோடு போகவில்லை, அப்பா. அம்மாவிடம் விட்டுவிட்டுப் போயிருக்கிறீர்கள்.

மூட்டுவலியோடு, கொதிக்கிற தண்ணீரை அடுப்படியிலிருந்து தானே தூக்கிக்கொண்டு வருவாள். நான் தூக்குகிறேன் என்றால் கேட்க மாட்டாள். ஒரு காலை, நான் வேலைக்குக் கிளம்பும் நேரத்தில் பாத்திரம் கைநழுவிவிட்டது. வலது பாதம் முழுக்கக் கொப்புளம். ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டு, வீட்டில் கொண்டுவந்து உட்கார வைத்துவிட்டு, யாரையும் கேட்காமல் கடைக்குப் போனேன்.

அட்டையில் போட்டிருந்த விலையைப் பார்த்தேன். இவ்வளவுதானே என்று பணத்தை எடுத்தேன். கடைக்காரர் தடுத்தார்.

"அது ஹீட்டருக்கு மட்டும்க்கா. பைப்பு, வால்வு எல்லாம் தனி."

"மாட்டித் தர்றது இலவசம்னு வாசல்ல எழுதிப் போட்டிருக்கீகளே?"

"மாட்டுறது இலவசம்தான். மாட்டுற சாமான்தான் இலவசம் இல்ல."

நீங்கள் இருந்திருந்தால் அந்த இடத்திலேயே சண்டை போட்டு, பாதியாகக் குறைத்திருப்பீர்கள். நான் பல்லைக் கடித்துக்கொண்டு கொடுத்துவிட்டு வந்தேன்.

அதோடு முடிந்ததா? ஆள் வந்து பழையதைக் கழற்றினார். கழற்றியவர் அப்படியே நின்றுவிட்டார்.

"அக்கா, இங்குட்டு வந்து பாருங்க. யாரு பாத்த வேலை இது?"

"எங்க வீட்டுக்காரகதான்" என்று அம்மா கூடத்திலிருந்தே பெருமையாகச் சொன்னாள். "நல்லாத்தான ஓடுச்சு?"

"ஓடுச்சும்மா. ஆனா ஃபேனுக்குப் போடுற வயரைப் போட்டிருக்காக. எர்த்தே கொடுக்கல. எங்கயாச்சும் கரண்டு கசிஞ்சிருந்தா..." என் பக்கம் திரும்பினார். "இதுல எப்படிக்கா இம்புட்டு நாளும் குளிச்சீக?"

எப்படிக் குளித்தோம்? அப்போதுதான் எனக்கு உறைத்தது. தினமும் நாங்கள் குளிக்கப் போகும்போது வாசலில் வந்து நிற்பீர்களே! சுவிட்சை நீங்களே அணைத்து, "ம், இப்பப் போ" என்பீர்களே! கரண்டு பில்லுக்குப் பயந்து செய்கிறீர்கள் என்று நானும் தம்பியும் கேலி பேசுவோம். உங்களுக்குத் தெரிந்திருந்ததா, அப்பா? தெரிந்துதான் காவல் நின்றீர்களா? அத்தனை காலைகள் நின்றதற்கு ஒரே ஒரு வயரை இழுத்திருக்கக் கூடாதா?

இனி மெயின் போர்டிலிருந்து புது லைன் இழுக்க வேண்டும். அதற்குச் சுவரை வெட்ட வேண்டும். வெட்டினால் டைல்ஸ் உடையும். உடைந்தால் கொத்தனார் வர வேண்டும். எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தால் ஹீட்டரின் விலை அதில் பாதிகூட இல்லை. மீதி எல்லாம் நீங்கள் அன்றைக்கு மிச்சம் பிடித்தது.

அம்மா பெருமூச்சு விட்டாள். "அவுக இருந்தா இம்புட்டுச் செலவு ஆகியிருக்குமா?"

எனக்குத் தாங்கவில்லை. "அவுக இருந்ததாலதாம்மா இம்புட்டுச் செலவு!"

கத்திவிட்டேன். அழப்போகிறாள் என்று பயந்தேன். அம்மா என்னைப் பார்த்தாள், திறந்திருந்த குளியலறைக்குள் சுவரில் தொங்கிய அந்த வயரைப் பார்த்தாள், சிரித்துவிட்டாள். கட்டுப் போட்ட காலைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தாள். நீங்கள் போனதற்குப் பிறகு இந்த வீட்டில் அந்தச் சத்தம் கேட்டதே இல்லை, அப்பா.

"சரி, நல்லதாவே போடச் சொல்லு. எர்த்தையும் சேர்த்து" என்றாள்.

போட்டாயிற்று. கால் ஆறியதும், பழையபடி விடிவதற்கு முன்பே குளித்துவிட்டு வந்து நிற்கிறாள்.

இனி அம்மாவைக் கொதிக்கிற தண்ணீர்ப் பாத்திரத்தைத் தொட விடமாட்டேன். இது சத்தியம். தை பிறந்ததும் வீடு முழுக்க வயர் மாற்றப் போகிறேன். செலவைக் கேட்டுத் தலையில் கை வைக்கத்தான் நீங்கள் இல்லை.

கோபம் இன்னும் தீராத,
உங்கள் மூத்த மகள்,
வள்ளி