அப்பாவின் ஸ்க்ரூடிரைவர்

செவ்வாய், ஐப்பசி 12

மடுகரை அரிசி ஆலைக்காரர் இன்று எங்களிடம் ஒரு பழைய ஜெனரேட்டரை வாங்க வந்தார். மூடிய ஆலைகளிலிருந்து நாங்கள் வாங்கி விற்கும் எந்த எந்திரமும் அப்பா காது வைக்காமல் எங்கள் யார்டைத் தாண்டியதில்லை. ஓடும் எந்திரத்தின் பேரிங்கில் ஸ்க்ரூடிரைவர் முனையை வைத்து, பிடியைக் காதில் அழுத்திக்கொள்வார். உள்ளே தேய்ந்திருந்தால் வாங்க வந்தவரிடமே சொல்லிவிடுவார்.

இன்றும் குனிந்தார். கண்ணை மூடி வெகுநேரம் கேட்டார்.

"பேரிங் நல்லா கீதுபா. தைரியமா எடுத்துனு போ."

நான் இன்னும் ஸ்டார்ட்டே பண்ணவில்லை. சாவி என் கையில் இருந்தது.

ஆலைக்காரர் என்னைப் பார்த்தார். பிறகு அப்பாவின் காதருகே போய், "நீங்க சொன்னா சரிதான் ஐயா" என்று உரக்கச் சொல்லிவிட்டு வண்டியில் ஏற்றச் சொன்னார். அப்பாவுக்கு எதிரில் சாவியைத் திருப்ப எனக்கு மனம் வரவில்லை.

போன மாதம் சுத்துக்கேணிக்குப் போன மோட்டாரையும் அப்பாதான் கேட்டுச் சொன்னார். அன்று நான் யார்டில் இல்லை.

சாப்பிடும்போது, "நாளைக்கி இன்னா மிஷின் வருது?" என்றார்.

"ஒண்ணும் வரல. யார்ட மூடிடலாம்ப்பா" என்றேன்.

"சரி, காலைல சீக்கிரம் எழுப்பிவுடு" என்றார்.